"டேய், கட்டம் கட்டமா வருதுடா!"

2005ஆம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் முதலில் காதில் விழுவது அப்பாவின் இந்தக் குரல்தான். இங்கே மெல்பர்னில் சாயங்காலம். அங்கே சித்தூரில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். போன் கார்டைச் சுரண்டி, நீளமான எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தி, லைன் கிடைத்ததும் "எப்படிப்பா இருக்கீங்க?" என்று ஆரம்பிப்பேன். அவர் தன் உடம்பைப் பற்றிச் சொல்ல மாட்டார். கம்ப்யூட்டரின் உடம்பைப் பற்றிச் சொல்வார்.

"சரி, ஸ்டார்ட்டை அமுக்குங்க. கன்ட்ரோல் பேனல் தெரியுதா?"

"தெரியுது."

"அதுல உலக உருண்டை படம் போட்டு ஒண்ணு இருக்கும் பாருங்க."

"இரு, கண்ணாடி போட்டுக்கறேன்."

கார்டில் பதினோரு நிமிஷம்தான் பாக்கி இருக்கும்.

வெளிநாட்டில் மென்பொருள் வேலை பார்க்கிற நம் எல்லோருக்கும் இந்த இரண்டாவது வேலை உண்டு. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பென்ஷனும் கிடையாது. இந்தப் பதிவு அந்த இரண்டாவது வேலையில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது. அதைச் சொல்ல வேண்டுமானால் தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்குள் வந்த கதையையும், எங்கள் ஊர்க் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

* * *

எங்களுக்குச் சித்தூர். காட்பாடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் தெலுங்கும், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

சித்தூர் மாவட்டம் உருவானது 1911ல். வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களை எடுத்து, ஜமீன் பகுதிகளையும் சேர்த்து, சென்னை ராஜதானிக்குள் அமைத்தார்கள். 1-10-1953ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கர் மத்தியஸ்தம் எல்லாம் நடந்து, 1-4-1960 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. சித்தூர், திருப்பதி, காளஹஸ்தி எல்லாம் அங்கேயே இருந்துவிட்டன. (2022ல் திருப்பதி தனி மாவட்டமும் ஆகிவிட்டது.)

1960ல் அப்பாவுக்குப் பதினாறு வயசு. அவருடைய அத்தை வாழ்க்கைப்பட்டது திருத்தணியில். ஒரே நாளில் அத்தை வீடு வேறு மாநிலம். அந்த நாளைப் பற்றி அவர் எப்போதும் அரைகுறையாகத்தான் சொல்வார். "அதெல்லாம் பெரிய கதை, ஒரு நாள் எழுதறேன்" என்பார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வேலூருக்குப் போய்த் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினார். வேலை கிடைத்தது என்னவோ சித்தூரில்தான், அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக. ஆக, கற்றுக்கொண்ட தமிழ் டைப்பிங்கை முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அவர் தொடவே இல்லை. 2002ல் ஓய்வு பெற்றதும், வந்த பணத்தில் ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினார். விண்டோஸ் 98. தமிழ் எழுத்துரு ஒன்றை, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையிலிருந்து ஃபிளாப்பியில் வாங்கி வந்து போட்டார்கள். அப்பா கீபோர்டில் கை வைத்தார். விரல்கள் மறக்கவில்லை!

எப்படி? அந்த எழுத்துரு பழைய தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பிலேயே செய்யப்பட்டிருந்தது. பாமினி வகை.

* * *

முதல் கடிதம் மின்னஞ்சலில் எனக்கு வந்தது. திறந்தேன். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரே குப்பை. முதல் வார்த்தை இப்படி: எம், டி, அரைப்புள்ளி, பெரிய ஜி, எஸ், அரைப்புள்ளி, எஸ். கடைசி வார்த்தை: எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, ஹெச்.

வைரஸ் என்று நினைத்தேன். அழிக்கப் போனவன், கடிதம் எதில் முடியும் என்று யோசித்ததால் நிறுத்தினேன். அப்பா எழுதும் எல்லாக் கடிதமும் ஒரே வார்த்தையில்தான் முடியும். எம் என்றால் அ. ஜி என்றால் ப. அரைப்புள்ளி என்றால் மெய்யெழுத்தின் புள்ளி. ஹெச் என்றால் கால். அ-ப்-பா.

அப்படியானால் முதல் வார்த்தை 'அன்புள்ள'. கடிதம் முழுக்கத் தமிழ்தான். என் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம். (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.) கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்ற அந்தக் கணக்கில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128ல் ஆங்கிலமும் எண்களும் குறிகளும் உட்கார்ந்துவிட்டன. நம்முடையதோ 247 எழுத்து. பாமினி வகையறா என்ன செய்தது என்றால், ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிட்டது. கோப்புக்குள் இருப்பது 'எம்' என்ற எழுத்தின் எண்ணேதான். அதற்கு 'அ' என்று முகமூடி போடுவது எழுத்துரு. முகமூடி இல்லாத வீட்டில் கோப்பைத் திறந்தால் ஆங்கிலக் குப்பைதான் வரும்.

இந்த முகமூடிக் கலையை வளர்த்தவர்களில் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் என்பதை நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் நினைத்துப் பார்க்க வேண்டும். அப்பாவின் விரல்களில் இருந்த விசை அமைப்புக்கே மூலம், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன ஆர். முத்தையா. நாற்பத்துச் சொச்ச விசைகளுக்குள் தமிழ் எழுத்துகளை அடக்கும் வழியைக் கண்டுபிடித்தவர். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் அவருடைய தட்டச்சுப் பொறிகள் தயாராகி வந்தன. 1984ல் கனடாவிலிருந்து கி. சீனிவாசனின் 'ஆதமி'. அடுத்த வருஷம் மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு'. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டே 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தவர் கு. கல்யாணசுந்தரம். 1995ல் சிங்கப்பூரிலிருந்து தமிழை இணையத்தில் ஏற்றியவர் நா. கோவிந்தசாமி. எங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் மடலாற்குழுவில் உலகத் தமிழர்கள் தமிழிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். :-)

ஊரைப் பிரிந்தவனுக்குத்தான் கடிதம் அவசரம். அதனால்தானோ என்னவோ, முதலில் முனைந்தவர்களில் இத்தனை பேர் வெளியே இருந்தவர்கள்.

ஆனால் ஒரு சிக்கல். ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண்ணில் 'அ'வை வைத்தார்கள். இவருடைய 'அ' அவருடைய கம்ப்யூட்டரில் 'ஞ' ஆகும். எதை எங்கே வைப்பது என்று ஒப்பந்தம் வேண்டும் என்பதற்காகவே 1997ல் சிங்கப்பூரில் கோவிந்தசாமி முயற்சியில் மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாவது மாநாடு. அதன் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம் (தமிழ் மட்டும்), டாப் (தமிழும் ஆங்கிலமும்) என்ற இரண்டு குறியீடுகளும் வந்தன. தமிழ்நாடு அரசு அவற்றை ஏற்றது. இன்னொரு பக்கம் மின்னஞ்சலிலேயே கூடிப் பேசி ஆர்வலர்கள் உருவாக்கிய 'திஸ்கி'. 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலக்கிய நூல்கள் பல வருஷம் திஸ்கியில்தான் கிடைத்தன.

ஆக ஒரு ஒப்பந்தத்துக்காகக் கூடி, மூன்று ஒப்பந்தங்களோடு கலைந்தோம். தமிழனுக்கு இது புதுசா என்ன?

இவ்வளவுக்கும் 1991லேயே யூனிகோடு வந்துவிட்டது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் சண்டையில்லாமல் தனித்தனி இடம். தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு வீடு. அதற்கு அடுத்த வீடு யாருடையது தெரியுமா? தெலுங்கு! நடுவில் ஒரு இடம்கூடக் காலி இல்லை, ஒட்டிய சுவர். அந்த அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தெரு ஞாபகம்தான் வரும்.

ஆனால் வீடு கட்டினால் போதாது, குடி போக வேண்டுமே. யூனிகோடில் 'கொ' என்பதற்குத் தனி இடம் இல்லை. 'க', அதன் பின் ஒகரக் குறி, அவ்வளவுதான். திரையில் காட்டும்போது கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்ய வேண்டும். விண்டோஸ் 98க்கு இது தானாகத் தெரியாது. விண்டோஸ் 2000ல்தான் தமிழ் முறையாக வந்தது, லதா எழுத்துருவோடு. தெலுங்கு, கௌதமி எழுத்துருவோடு, எக்ஸ்பியில் வந்தது. (எங்கள் வீட்டில் இது ஒரு பெரிய விவாதம். "பாத்தியா, தமிழ் முதல்ல" என்று அப்பா, தெலுங்கு மீடியத்தில் படித்த தங்கையைச் சீண்டுவார்.)

* * *

2005ல் லீவில் போனபோது அப்பாவின் பெட்டிக்கு எக்ஸ்பி போட்டேன். அப்போதுதான் அந்தப் பிரசித்தி பெற்ற கட்டங்கள். எக்ஸ்பியில் தமிழ் உண்டு, ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும். உலக உருண்டைப் படத்தைத் திறந்து, மொழிகள் என்ற பக்கத்தில், சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற வரிக்கு டிக் அடித்தால்தான் எழும். டிக் அடித்தால் உடனே எக்ஸ்பி சிடியைக் கொடு என்று கேட்கும். சிடி பீரோவில் இருக்கும். பீரோ சாவி அம்மாவிடம் இருக்கும். அம்மா கோயிலில் இருப்பார்.

ஒரு வழியாக எழுப்பினேன். 'தமிழா' குழுவினர் இலவசமாகக் கொடுத்த எ-கலப்பையை நிறுவினேன். அதில் பழைய டைப்ரைட்டர் அமைப்பும் இருந்தது. அப்பாவின் விரல்கள் அதே இடத்தில் அதே தட்டைத் தட்டின. ஆனால் இப்போது கோப்புக்குள் போனது ஆங்கில 'எம்' இல்லை, உண்மையான 'அ'. அன்றைக்குச் சாயங்காலமே திருப்பதியில் இருக்கும் தங்கைக்கு மெயில் அனுப்பினார். பாதி தமிழ், பாதி தெலுங்கு, ஒரே கடிதத்தில். பழைய முறையில் ஒவ்வொரு மொழிக்கும் எழுத்துருவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மாற்ற மறந்தால் இரண்டும் போச்சு. "வீட்ல பேசற மாதிரியே எழுத முடியுதுடா" என்றார். என் வாழ்க்கையில் நான் செய்த எந்த ப்ராஜெக்டுக்கும் இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

அந்த சந்தோஷத்தில்தான் அவர் பெரிய கதையை எழுத ஆரம்பித்தார். தினம் ஒரு பக்கம், தினம் ஒரு கோப்பு, நோட்பேடில். நான் ஊரிலிருந்து கிளம்புமுன் யூனிகோடில் சேமித்து வைத்த ஒரு காலிக் கோப்பை உருவாக்கி, "இதைத் திறந்து, வேற பேர்ல சேவ் பண்ணிக்கோங்கப்பா" என்று சொல்லி வந்திருந்தேன். அப்படியே செய்தார்.

2006, ஒரு ஞாயிற்றுக்கிழமை. "முடிச்சுட்டேன்டா. எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து அனுப்பணும்" என்றார். புதிதாக ஒரு நோட்பேடு திறக்கச் சொன்னேன். துண்டு துண்டாக இருந்ததை எல்லாம் காப்பி, பேஸ்ட். நாற்பது நிமிஷம் ஆனது. இரண்டாவது போன் கார்டு. சேமிக்கச் சொன்னேன்.

"என்னமோ கேக்குதுடா. பெருசா இங்கிலீஷ்ல வந்திருக்கு. படிக்கவா?"

"வேணாம்ப்பா, கார்டு தீரப் போகுது. ஓகே குடுங்க."

கொடுத்தார்.

"இப்ப திரையில எல்லாம் சரியா தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப அந்தத் துண்டு ஃபைலையெல்லாம் அழிச்சுடுங்க. அப்புறம் எது புதுசு எது பழசுன்னு குழப்பம் வரும்."

அப்பா ஒழுங்கான மனுஷர். ரீசைக்கிள் பின்னையும் சேர்த்துக் காலி செய்தார்.

அந்தப் பெட்டி அவரிடம் என்ன கேட்டது என்று எனக்கு இன்றைக்கு வரி வரியாகத் தெரியும். இந்தக் கோப்பில் யூனிகோடு எழுத்துகள் இருக்கின்றன, ஆன்சி முறையில் சேமித்தால் அவை தொலைந்துபோகும், காப்பாற்ற வேண்டுமானால் கேன்சல் கொடு. அதைத்தான் கேட்டது. புதிதாகத் திறந்த நோட்பேடு என்பதால் அது பழக்கப்படி ஆன்சியில் சேமிக்கப் போனது. போகுமுன் ஒழுங்காக எச்சரித்தது. படிக்கவா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்று சொன்னவன் நான். சேமித்த பிறகும் ஜன்னலை மூடும் வரை திரையில் தமிழ் அப்படியேதான் தெரியும். அதனால் சரிபார்த்தும் பிரயோஜனம் இல்லாமல் போயிற்று.

மறுநாள் எனக்கு வந்த கோப்பில் இருந்தது கேள்விக்குறிகள். பதினாலாயிரத்துச் சொச்சம் கேள்விக்குறிகள்.

மேலே சொன்ன ஆங்கிலக் குப்பை வேறு, இது வேறு. அங்கே முகமூடிதான் இல்லை, எண்கள் பத்திரம். இங்கே ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே எண், கேள்விக்குறியின் எண், போட்டாகிவிட்டது. எந்த மாற்றியாலும் திருப்ப முடியாது. போனது போனதுதான்.

போனில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "விடு, இன்னொரு தடவை அடிச்சுக்கறேன்" என்றார். அடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கக் கூச்சமாக இருந்தது. 2011ல் போய்விட்டார்.

* * *

போன வருஷம் சித்தூர் வீட்டைக் காலி செய்தோம். அம்மா இப்போது திருப்பதியில் தங்கையோடு. பீரோவில் அந்த எக்ஸ்பி சிடி உறையில் இன்னொரு சிடியும் இருந்தது. 2002லிருந்து 2005 வரை அப்பா எழுதிய கடிதங்களின் நகல், எல்லாம் பாமினி. இருபது வருஷப் பழைய சிடி, பயந்துகொண்டே போட்டேன். படித்தது. சுரதா செய்த பொங்குதமிழ் மாதிரியான மாற்றிகள் எழுத்துக்கு எழுத்து யூனிகோடாக மாற்றிக் கொடுத்துவிடும். அரை மணி நேரத்தில் அத்தனையும் தமிழ். எதைக் குப்பை முறை என்று அப்பாவிடம் நான் நக்கல் செய்தேனோ அது பிழைத்திருக்கிறது. எதைச் சரியான முறை என்று சொல்லி மாற்றினேனோ அது என் அவசரத்தால் போய்விட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பழைய சிடிக்கள், பென் டிரைவ்கள் இருக்கும். குப்பை என்று அழிக்குமுன் என்ன குப்பை என்று பாருங்கள்.

1. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தால் பெரும்பாலும் பாமினி வகை. வேர்டு கோப்பாக இருந்தால் எழுத்தின் மேல் கர்சரை வைத்து எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று எங்காவது இருக்கிறதா தேடுங்கள். அதுதான் 'தமிழ்'. பிழைக்கும்.

2. தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக இருந்தால் திஸ்கி, டாப், டாம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றியில் போட்டுப் பாருங்கள். பிழைக்கும்.

3. தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இப்படியே திரும்பத் திரும்ப வந்தால் அது நல்ல யூனிகோடுதான், யுடிஎஃப்-8. ஒரு தமிழ் எழுத்தை மூன்று பைட்டாக எழுதியதை மூன்று எழுத்தாகப் படிக்கிறது. குறியீட்டை யுடிஎஃப்-8 என்று மாற்றித் திறந்தால் போதும்.

4. கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. கொம்பும் புள்ளியும் இடம் மாறி நின்றால் எழுத்தைக் கோக்கும் வேலை நடக்கவில்லை. இரண்டிலும் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

5. எல்லாம் கேள்விக்குறியாக இருந்தால், வேறு நகல் இருக்கிறதா என்று தேடுங்கள். வேறு வழி இல்லை.

எது வந்தாலும் முதலில் ஒரு நகல் எடுங்கள். மூலத்தைத் திறந்து சேமிக்கவே சேமிக்காதீர்கள். இந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

(தமிழ்நாடு அரசு 2010ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நோட்பேடு 2019லிருந்து புதுக் கோப்பைத் தானாகவே யுடிஎஃப்-8ல் சேமிக்கிறது. எனக்கு அது பதிமூன்று வருஷம் தாமதம்.)

* * *

அந்தப் பயணத்தில் மகளைக் கீழத்திருப்பதி கோவிந்தராஜர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். மெல்பர்னில் பிறந்தவள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். சுவரில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்து, "அப்பா, இது தமிழா? திருப்பதியிலயா?" என்றாள். தமிழ்தான். திருமலையிலும் திருப்பதியிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள், பெரும்பாலானவை தமிழில். சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றவர்கள் உட்கார்ந்து படித்து எழுதியதைத் தேவஸ்தானம் 1930களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. படிக்கிறவர் போட்டுக்கொள்ள வேண்டும். கல் சிதைந்த இடத்தில் இத்தனை எழுத்து போயிருக்கிறது என்று எண்ணி, முன்னும் பின்னும் பார்த்து, என்னவாக இருக்கும் என்று யோசிப்பார்கள்.

இதை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அன்றைக்கு ராத்திரி தங்கை வீட்டில் லேப்டாப்பைத் திறந்து, பதினேழு வருஷத்துக்கு மேலாக அழிக்காமல் வைத்திருந்த அந்தக் கேள்விக்குறிக் கோப்பை எடுத்தேன்.

எழுத்துதான் போயிற்று. இடைவெளிகள் போகவில்லை. முற்றுப்புள்ளிகள் போகவில்லை. எண்கள் போகவில்லை! ஆன்சிக்கு அவை தெரியும். கேள்விக்குறிகளுக்கு நடுவே 1911 நிற்கிறது. 1-10-1953 நிற்கிறது. கொஞ்சம் கீழே 1-4-1960. அதற்கு அடுத்த வார்த்தையில் ஒன்பது கேள்விக்குறி. எண்ணிப் பார்த்தேன். த, இகரக் குறி, ர, உகரக் குறி, த, புள்ளி, த, ண, இகரக் குறி. ஒன்பது. திருத்தணி.

அடுத்த பத்தியில் 16 என்று ஒரு எண். அது அவர் வயசாக இருக்கும். அதற்குப் பிறகு ஒரு இடத்தில் 3.50 என்று இருக்கிறது. மூன்றரை ரூபாயா? மூன்று ஐம்பது ரயிலா? அத்தையைப் பார்க்கப் போனாரா, இல்லை கூட்டத்தோடு கூட்டமாக வேடிக்கை பார்க்கப் போனாரா? அம்மாவைக் கேட்டேன். "அவரு என்கிட்ட எங்கப்பா சொன்னாரு, உனக்குத்தானே எழுதினாரு" என்றார்.

கோப்பின் கடைசி வரியில் ஒரே ஒரு வார்த்தை. ஐந்து கேள்விக்குறி. அ, ப, புள்ளி, ப, கால்.

அது மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும்.